வழுக்கலின் பேஸ் கிட்டார் கைமாறிய விதம்

அவரை எல்லாரும் வழுக்கல் என்றே அழைத்தனர். எங்கோ வழுக்கி விழுந்ததால் வந்த பெயர் அன்று. அவருடைய பேஸ் கிட்டாரில் ஒலி ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு நழுவிப் போய்ச் சேரும். அதைக் கேட்டு, அவர் வாசித்துவந்த மெல்லிசைக் குழுவின் பாடகர் வைத்த பெயர் அது. பகலில் அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். உச்சி மாடியின் இயந்திர அறையில், கிரீஸும் எலிப்புழுக்கையும் நாறும் இருட்டில் முழங்காலிட்டு வேலை செய்வார். வீடு திரும்பிச் சலவை சோப்பால் நகக்கண்வரை தேய்த்துக் கழுவிய பின்னரே கிட்டாரைத் தொடுவார். வேறு எவரேனும் தொட்டுவிட்டால், தொட்டவர் வாசல் தாண்டியதும் உலர்ந்த துணியால் துடைப்பார்.

சாதாரணக் கிட்டாரின் கழுத்துப் பலகையில் குறுக்கே உலோகப் பட்டைகள் பதித்திருக்கும். ஃப்ரெட் என்பார்கள். இரண்டு பட்டைகளுக்கு நடுவில் விரலை எங்கு வைத்தாலும் சுரம் சரியாகவே விழும். இவருடைய கிட்டாரில் பட்டைகள் இல்லை. அவை இருக்க வேண்டிய இடத்தைக் காட்டும் கோடுகளும் இல்லை. வெறும் கருங்காலிப் பலகை. விரல் மயிரிழை பிசகினாலும் அபசுரம். அந்த மயிரிழைக்காகவே அவர் தம் மாலைப்பொழுதுகளையெல்லாம் செலவிட்டிருந்தார்.

ஒரு நாள் லிஃப்ட் கதவு அவருடைய இடக்கை மோதிரவிரலை நசுக்கியது. எலும்பு கூடிற்று, விரல் முன்போல் மடங்க மறுத்தது. அதன்பின் ஓர் அலுவலக ஆண்டுவிழாவில் வாசித்தபோது ஒரு சுரம் பிசகியது. கூட்டம் கைதட்டியது. அவருக்கோ சோற்றில் புழுவைக் கண்டதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்தவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

"ஊருக்கே கேக்காதது உங்களுக்கு மட்டும் எப்படிங்க கேக்குது?" என்றார் மனைவி.

"வாசிச்சது நானாச்சே. நாத்தம் என் கையிலதான் இருக்கு."

"அப்ப வித்துடுங்க. கட்டிலுக்கு மேல நீங்க, கீழ அதுன்னு ரெண்டு நோயாளிய என்னால பாத்துக்க முடியாது."

அவர் ஒப்புக்கொண்டார். ஆனால், வாசிக்கத் தெரிந்தவர் கைக்குத்தான் அது போக வேண்டும் என்றார். தம் விரலுக்கு எட்டாமற்போன சுரம் வேறொரு விரலிலாவது சரியாக விழ வேண்டும். அவருக்கு எஞ்சியிருந்த ஆசை அவ்வளவே.

விற்கும் பொறுப்பை, மாடியில் குடியிருந்த மருமகன் ஏற்றுக்கொண்டார். அவர் ஃபர்னிச்சர் கடையில் விற்பனையாளர். ஆடும் நாற்காலியைக்கூட ஆடுவதற்கென்றே செய்தது என்று சொல்லித் தலையில் கட்டிவிடும் வாய். அவர் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து முதலில் வந்தவர் ஓர் உணவகக்காரர். எதையோ தின்ற விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே கழுத்துப் பலகையைத் தடவினார். கருங்காலியின்மேல் எண்ணெய்த் தடம் மினுங்கியது.

"கல்லாவுக்குப் பின்னாடி சுவத்துல மாட்டறதுக்குங்க. இந்தக் கம்பியெல்லாம் அறுத்துட்டுத் தந்துடுங்க, ஒட்டடை சேரும்."

"வாசிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார் வழுக்கல்.

"யாரு, நானா? சாப்பிட வந்தவன் கை கழுவாமலே ஓடிடுவான்!" என்று தொந்தி குலுங்கச் சிரித்தார். போகும்போது, "பட்டையெல்லாம் உதிர்ந்து மொட்டையா நிக்குதே, பாவம்" என்றும் சொன்னார்.

வந்த அனைவரும் அதையே சொன்னார்கள். உதிர்ந்தவை உறைக்குள் கிடக்கின்றனவா என்று ஒருவர் கைவிட்டுத் துழாவினார். இன்னொருவர் காதைக் குடைந்த சுண்டுவிரலாலேயே தந்தியைச் சுண்டினார். வழுக்கல் துடைத்துத் துடைத்து, துணியையே துவைத்துக் காயவைக்க வேண்டியதாயிற்று.

பின்னர் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். ஒலிப்பதிவுக் கூடங்களில் பேஸ் வாசிப்பவர்.

"ஃப்ரெட் இல்லாததுதானே சார்? கோடு கூடக் கிடையாதே? அய்யோ, வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. ஞாயித்துக்கிழமை வந்துடறேன்."

வழுக்கல் அன்று நன்றாகச் சாப்பிட்டார். மறுநாள் மருமகனிடம், "வாசிக்கிறவங்க ஒருத்தங்க வர்றாங்க மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு, புதுத் தந்திகள் வாங்க நகரின் மறுகோடிக்குப் போனார்.

இரவு திரும்பி வந்தபோது அறையில் வார்னிஷ் வாடை அடித்தது. கிட்டார் உறை கட்டிலின்மேல் கிடந்தது. அருகில் மருமகன், பரிசு வாங்கப் போகிறவரைப்போல் கைகட்டி நின்றார்.

"திறங்க மாமா."

திறந்தார். கருங்காலிப் பலகை நெடுகக் குறுக்கே அறுபட்டிருந்தது. அறுத்த இடந்தோறும் ஒரு பித்தளைப் பட்டை. விளிம்புகளில் பசை சளிபோல் வழிந்து உறைந்திருந்தது.

"ஆளாளுக்கு மொட்டைங்கறாங்க. வர்றவங்க மட்டும் சும்மா விடுவாங்களா? அதான் நம்ம கடைத் தச்சர்கிட்டக் குடுத்து முடிச்சிட்டேன். வேணும்னா அளந்து பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரே இடைவெளி. அலமாரிக்குத் தட்டு வைக்கிற கை மாமா, நூல் பிசகாது!"

அந்தச் சம இடைவெளிதான் கேடு. ஃப்ரெட்டுகள் கிட்டாரின் உடம்பை நோக்கிப் போகப்போக நெருங்கிக்கொண்டே செல்ல வேண்டும். அலமாரித் தட்டுகளைப்போல் ஒரே அளவில் வைத்தால் எந்தச் சுரமும் தன் இடத்தில் விழாது. வழுக்கல் ஒரு தந்தியை அழுத்திச் சுண்டினார். அபசுரம். சற்றுத் தள்ளி அழுத்தினார். வேறோர் அபசுரம். நசுங்கிய விரல் எப்போதாவது செய்த பிழையைக் கிட்டார் இப்போது எல்லா இடத்திலும் தானாகவே செய்தது. அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு மாமா?"

"போங்க மாப்ள. எனக்குக் குமட்டுது."

"வார்னிஷ் வாடைதான். ஜன்னலத் திறந்து விடறேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தார். "அது இப்ப விக்கிற நிலைமையில இல்லைம்மா" என்று வழுக்கல் வாசலிலேயே சொல்லிப் பார்த்தார், அவர் கேட்கவில்லை. உறையைத் திறந்ததும் நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"யார் சார் இந்த வேலையப் பாத்தது?"

"நம்ம ஏற்பாடுதாங்க" என்றார் மருமகன், பின்னாலிருந்து.

"ஸ்கேல் வச்சு அளந்தா அடிச்சீங்க?"

"ஆமாங்க! பாத்ததும் கண்டுபிடிச்சிட்டீங்களே!"

செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு, அந்தப் பெண் கிட்டாரின் கழுத்தைத் தூக்கி ஒரு கண்ணை மூடி நோட்டமிட்டார். "பட்டையப் பிடுங்கிட்டு அடைச்சிடலாம்னு நெனச்சேன். ரம்பம் அடிமரம் வரைக்கும் இறங்கியிருக்கு சார். இப்பவே வளைய ஆரம்பிச்சிடுச்சு. கழுத்து போச்சு."

வழுக்கல் உறையை மூடப் போனார். அந்தப் பெண் தடுத்தார்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. நாலு திருகு கழட்டினா கழுத்து தனியா வந்துடும். உடம்ப மட்டும் குடுங்க. வேற கழுத்து போட்டுக்கறேன், மொட்டையாவே."

"வாசிப்பீங்களா?"

"பின்ன எதுக்கு சார் இவ்வளவு தூரம் வந்தேன்?"

வழுக்கல் தம் லிஃப்ட் வேலைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்துவந்து, திருகுகளைத் தாமே கழற்றினார். அந்தப் பெண் வாசலில் இறங்கும்போது துவைத்து மடித்த துணியையும் கொடுத்தார்.

"உலர்ந்த துணியாலதான் துடைக்கணும். வாங்கித் தொட்டுப் பாக்கறேன்னு கண்டவனும் வருவான், விடாதீங்க."

கழற்றிச் செய்தித்தாளின்மேல் வைத்திருந்த கழுத்தைக் குப்பையில் போடச் சொன்னார் வழுக்கல். மருமகனுக்கு மனம் வரவில்லை. "இத்தனை வேலைப்பாடு பண்ணினதயா மாமா?" என்று கடைக்கு எடுத்துப்போனார். பட்டைகளுக்கு நடுநடுவே கொக்கிகள் முளைத்து அது திரும்பி வந்தது. தெருக்கதவருகே சுவரில் அடித்து, வீட்டிலுள்ளோர் சாவிகளையெல்லாம் அதில் தொங்கவிட்டார். கொக்கிகளுக்கும் ஒரே இடைவெளிதான். வருவோர் போவோர் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள்.

வழுக்கல் அந்த இடத்தைக் கடக்கும்போது எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார். அவருடைய சாவி மட்டும் அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது.