அடுத்த பாங்கு வரைக்கும்

மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து என் மிளகுக் கடைக்கு நடக்கும்போதுதான் இடது கெண்டைக்கால் முதலில் இறுகியது. நின்றால் வலி விடும், நடந்தால் பிடிக்கும். வயதாகிறது என்று நினைத்து, நின்ற இடத்திலெல்லாம் ஒரு சிகரெட் பற்றவைத்தேன். புத்தி எங்கே போயிற்றோ!

புற இரத்தநாள அடைப்பு (காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்குவது) என்றார் மருத்துவர். புகையை விட்டால் மருந்தும் நடையும் காலைக் காப்பாற்றக்கூடும். விடாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார். என் மனைவி பாத்திமா அழுதாள். எனக்கும் பயம்தான். வெளியே வந்ததும் கை தேடியது சிகரெட்டைத்தான்.

இனி ஆயுளுக்கும் தொடமாட்டேன் என்று அன்றே சபதம் போட்டேன். சாயங்காலச் சாயா வரைக்கும்கூட அது தாங்கவில்லை.

பிறகு ஒரு மனநல ஆலோசகரிடம் போனோம், மலையாளிப் பெண். தவிப்பு (சிகரெட் கேட்டு உடம்பு அடம்பிடிப்பது) சில நிமிடம் ஏறும், தானே இறங்கும்; மல்லுக்கட்டாமல் பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். ஒரு மணி நேரம்கூட என்னால் முடியாது என்றேன்.

“அப்போ நோன்பு மாசத்துல பகல் முழுக்க எங்ஙனே இருக்கீங்க, இக்கா?”

நிய்யத்து (மனத்தில் வைக்கும் உறுதி) வைத்துவிட்டால் ஆசை எட்டிக்கூடப் பார்க்காது என்றேன். பாத்திமா என் பக்கம் திரும்பினாள்.

“முப்பது நோன்புக்கும் முதல் நாளே சேர்த்தா வைக்கிறீங்க? அன்னன்னைக்குத்தானே? இதை மட்டும் ஆயுசுக்கும் சேர்த்து வச்சா எப்படிங்க நிக்கும்?”

ஆலோசகர் சிரித்துவிட்டார். தான் சொல்லவந்ததும் அதுதான் என்றார்.

மறுநாள் விடியற்காலைப் பாங்கு (தொழுகைக்கான அழைப்பு) கேட்டதும் தொடங்கினேன். அடுத்த பாங்கு வரைக்கும் மட்டும் வேண்டாம், அவ்வளவுதான். தவிப்பு வந்தால், வந்துவிட்டாயா, வா என்பேன். வாயில் ஒரு ஏலக்காயைப் போட்டுக்கொண்டு மூச்சை நிதானமாக விடுவேன். வழக்கமான சாயாக்கடையை மாற்றினேன். அந்திதான் பொல்லாதது; நோன்பு திறந்ததும் பற்றவைத்தே பழகிய கை. அந்த நேரத்தில் பாத்திமாவோடு நடக்கப் போனேன்; கால் பிடித்தபோதெல்லாம் எனக்காக அவளும் நின்றாள். ஒருநாள் கூட்டாளி நீட்டியதை வாங்கிவிட்டேன். ஒரு நோன்பு விட்டுப்போனால் மீதி மாதத்தையும் விட்டுவிடுவோமா என்ன? மறுநாள் மறுபடி தொடங்கினேன்.

உங்கள் நாளிலும் சிகரெட் இல்லாமலே கடக்கிற ஒரு துண்டு இருக்கும். பேருந்தில், குழந்தையை மடியில் வைத்திருக்கையில். அங்கிருந்து தொடங்குங்கள். தவிப்பின் ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று இப்போது எனக்குத் தெரியும். அது முடிந்துவிடும் என்பதும் தெரியும்.

மழை விட்ட ஒரு மாலை, கோட்டைக்கொச்சிக் கடற்கரை வரை நடந்தோம். கால் பிடிக்கவே இல்லை. உள்ளே இரத்தம் ஓடுவது எனக்கே கேட்கிற மாதிரி ஒரு சந்தோஷம்.

“ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. எனக்கு மூச்சு வாங்குது,” என்று பாத்திமா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

முதல் முறையாக, அவளுக்காக நான் நின்றேன்.