யாரும் தட்டாத பச்சைப் பட்டன்

குடவாசல் கடைத்தெருவில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் ஜோஸ்வாவிடம் போய், "உங்க வீட்டம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மனுஷன் தலையைச் சொறிவார். "ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் எழுதுறா" என்பார். சம்பளம் உண்டா என்று கேட்டால், "அதை அவகிட்டயே கேளுங்க, எனக்கு வீட்ல சோறு வேணும்" என்று நழுவிவிடுவார்.

வேலை இதுதான். வலைத்தளம் கட்டுவதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பெயர் வேண்டாம், அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். அதைப் புதிதாகத் தொட்டுவிட்டு முழிக்கிறவர்கள் கேள்வி கேட்க இணையத்தில் ஒரு மன்றம் உண்டு. அந்த மன்றத்தின் தமிழ்ப் பகுதியில், யார் எதைக் கேட்டாலும் பதில் எழுதுகிறவள் எல்சி. படித்துப் பார்த்துத் தானே செய்துகொள்வதற்கான உதவிப் பக்கங்களையும் அவள்தான் தமிழில் எழுதுகிறாள்.

சேவை மனப்பான்மை என்று யாராவது இதைப் புகழ்ந்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சேவையாவது மண்ணாவது! எல்லாம் ரோஷத்தில் ஆரம்பித்தது. அப்போது அவள் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். பள்ளிக்கு வலைத்தளம் வேண்டுமென்று தாளாளர் அந்த வேலையை அவள் தலையில் கட்டினார். பாதி வேலையில் எதையோ தட்டப்போக, திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. எழுதிய பக்கம் ஒன்றுகூட இல்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மன்றத்தில் கேட்டாள். உடனே பதில் வந்தது: 'முன்பே பதில் சொல்லப்பட்ட கேள்வி. கேட்பதற்குமுன் தேடிப் பார்க்கவும்.' அதோடு, மேற்கொண்டு யாரும் பதில் எழுத முடியாதபடி அவள் கேள்விக்குப் பூட்டும் போட்டுவிட்டார்கள்.

"தேடிப் பார்த்துட்டுத்தானேடா வந்தேன், படுபாவி!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். ஸ்டாஃப் ரூமே திரும்பிப் பார்த்தது. எதைத் தேடுவதென்று தெரிந்தால் அவள் ஏன் கேட்கப் போகிறாள்? அந்த வெள்ளைத் திரைக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டென்றும், அந்தப் பெயரைப் போட்டால்தான் பதில் கிடைக்குமென்றும் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. தளம் திரும்ப வந்த அன்றைக்கே, சரிசெய்கிற விதத்தைத் தமிழில் எழுதிப் போட்டாள். தலைப்பு: 'ஐயோ, எல்லாம் போச்சு!'

உதவிப் பக்கத்துக்கு இப்படியா தலைப்பு வைப்பது என்று மன்றத்தின் மேலிடத்திலிருந்து யாரோ கேட்டார்கள். "எங்க ஊர்ல எல்லாம் போச்சுன்னா அப்படித்தான் தேடுவாங்க" என்று எழுதினாள். தலைப்பு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. தமிழில் அதிகம் பேர் படிக்கிற பக்கமும் அதுதான்.

பக்கம் எழுதுவதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. எழுதி முடித்ததும் ஜோஸ்வாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைப்பாள். அவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தைப் படித்துப் படித்து அதில் சொன்னபடி செய்யவேண்டும். எல்சி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொள்வாள். மவுஸைப் பிடுங்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. அவர் எங்கே நின்று முழிக்கிறாரோ, அங்கே தப்பு அவள் எழுதிய பக்கத்தில்தான், ஆளிடம் இல்லை. "இந்நேரம் ஒரு பம்புசெட்டைப் பிரிச்சுக் கட்டியிருப்பேன்" என்று அவர் முனகுவார். "பேசாம படிங்க" என்பாள்.

மன்றத்துக்கு வருகிற நம்மூர் ஆட்களோ எடுத்த எடுப்பில் கேள்வியைக் கேட்டுவிடுகிற ரகம் இல்லை. "வணக்கம். என் பெயர் பஞ்சநதம். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபம், சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்கிறோம். மூத்த மகன் தோஹாவில் இருக்கிறான்" என்று ஆரம்பிப்பார்கள். மகன் வேலை, மருமகள் ஊர் எல்லாம் சொல்லி முடித்துக் கடைசி வரியில்தான், தளத்தில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்பார்கள். எல்சி அதில் ஒரு வார்த்தையையும் வெட்டமாட்டாள். மகன் சௌக்கியத்தை விசாரித்துவிட்டுத்தான் கட்டத்துக்கே வருவாள்.

கட்டம் சரியானதும் அவர்கள் என்ன செய்யவேண்டும்? பதிலுக்குக் கீழே 'சரியாகிவிட்டது' என்று ஒரு பச்சைப் பட்டன் இருக்கிறது. அதைத் தட்டினால் கேள்வி பச்சையாக மாறும், தீர்ந்ததாகக் கணக்கில் ஏறும். தட்டாவிட்டால் சிவப்பாகவே நிற்கும். ஆனால் நம்மூர் ஜனம் தட்டினால்தானே! ஒரு மனுஷி மெனக்கெட்டு உட்கார்ந்து இவ்வளவு எழுதியிருக்கிறாள், அவளுக்கு ஒரு பட்டனைத் தட்டிவிட்டுப் போவதா? என்ன மரியாதை அது? அவள் போன் நம்பரை எப்படியாவது பிடித்துக் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் நேரிலேயே வந்துவிடுவார்கள். பஞ்சநதம் மனைவியோடு காரில் வந்து, இனிப்புப் பெட்டியைக் கையில் கொடுத்து, காபி குடித்துவிட்டுப் போனார். பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டிக்காரர் அரசப்பன் ஒரு மூட்டைத் தேங்காயைப் பஸ்ஸில் போட்டு அனுப்பினார். அதை இறக்குவதற்குள் ஜோஸ்வா கண்டக்டரோடு மல்லுக்கட்டவேண்டியதாயிற்று. பட்டனை மட்டும் யாரும் தொடவில்லை.

போன தை மாதம், அறுவடை மிஷின்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போய்வந்த சமயத்தில், மன்றத்தை நடத்துகிற குழுவிலிருந்து தகவல் வந்தது. அனுப்பியவர் ராம்கி. குழுவில் எல்லா மொழிப் பகுதிகளையும் பார்த்துக்கொள்கிறவர், பெங்களூரிலேயே தங்கிவிட்ட தமிழர். வெண்ணெய் தடவிய இங்கிலீஷ். தமிழ்ப் பகுதியில் முக்கால்வாசிக் கேள்விகள் தீராமலே நிற்கின்றன. அதனால் யாருக்கும் பயனில்லை என்று தெரிகிறது. பகுதியைப் பூட்டிவிட்டு, வருகிறவர்களை இங்கிலீஷ் மன்றத்துக்கே அனுப்பிவிடலாம். சனிக்கிழமை வீடியோ கூட்டத்தில் முடிவு. எல்சியின் இத்தனை வருஷ உழைப்புக்கு நன்றியும் கடைசியில் இருந்தது.

எல்சி அதை இரண்டு தடவை படித்தாள். நாளைக்கு ஒருத்தி எல்லாம் போச்சு என்று அலறிக்கொண்டு வந்தால் எங்கே போவாள்? அந்த இங்கிலீஷ் மன்றத்துக்குத்தான். அவள் எழுதுகிற அரைகுறை இங்கிலீஷைப் பார்த்து, தேடிப் பார் என்று கதவைச் சாத்துவார்கள். தனக்காவது கோபம் வந்தது. அவளுக்கு அவமானம்தான் வரும். அப்புறம் அவள் யாரிடமும் எதையும் கேட்கவே மாட்டாள்.

"இதுக்குப் போய் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" என்றார் ஜோஸ்வா. "அந்த மன்றத்துல உனக்குத்தான் அதிகாரம் இருக்குல்ல. நீயே உட்கார்ந்து எல்லாப் பட்டனையும் தட்டிவிட்டுடு. மத்தியானத்துக்குள்ள எல்லாம் பச்சையாயிடும்."

"கேட்டவங்க தட்டணுங்க. நான் தட்டினா அது கள்ள ஓட்டு."

"பூட்டிட்டாங்கன்னா?"

"பூட்டட்டும். பொய்யைக் காட்டி நான் இதைக் காப்பாத்த மாட்டேன்."

அதற்குப் பதிலாக, எல்லோரும் வந்து பச்சைப் பட்டனைத் தட்டும்படி மன்றத்தில் ஓர் அறிவிப்புப் போட்டாள். போட்டதுதான் தாமதம், போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. "நம்மகிட்ட ஏதாவது மனஸ்தாபமாம்மா?" என்று பஞ்சநதம் தழுதழுத்தார். அரசப்பனோ கத்தினார். "என்ன டீச்சர் இது! நான் அன்னைக்கே போன்ல சொன்னேனா இல்லியா? தேங்கா வந்துச்சா இல்லியா? இப்ப வந்து சாட்சிக் கையெழுத்துக் கேக்குறீங்க!" போனை வைத்துவிட்டார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. அறிவிப்பை எடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை பிற்பகல் கூட்டம். திரையில் வரிசையாக முகங்கள், வெவ்வேறு தேசத்து ஆட்கள். ராம்கி ஒரு படத்தைக் காட்டினார். தமிழுக்கு நேரே சிவப்பு பனைமர உயரத்துக்கு நின்றது. எல்லோரும் வருத்தமாகத் தலையை ஆட்டினார்கள். எல்சியைப் பேசச் சொன்னார்கள்.

"நான் தமிழ்ல பேசுறேன் சார். மத்தவங்களுக்கு நீங்க சொல்லுங்க" என்றாள்.

"மேடம், உங்களுக்கு இங்கிலீஷ் வருமே?"

"வரும். ஆனா இது தமிழைப் பூட்டுற கூட்டம். தமிழ்லதான் பேசுவேன்."

ராம்கி சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

"உங்க பட்டன் எங்க ஜனத்துக்குத் தோதுப்படலை. போன்ல சொல்றாங்க, நேர்ல வந்து சொல்றாங்க. பட்டன் சரியில்லைன்னா பட்டனை மாத்துங்க. அதுக்கு ஜனத்தையா வெளியில வச்சுப் பூட்டுவீங்க?"

ராம்கி அதை இங்கிலீஷில் சொன்னார், கொஞ்சம் சூட்டைக் குறைத்து. பிறகு, "உங்க ஆதங்கம் புரியுது மேடம். ஆனா ஆதாரம்னு ஒண்ணு வேணும்ல? பிரச்சினை தீர்ந்துச்சுன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றார்.

"கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. சிவப்பா நிக்குற கேள்வியில ஏதாவது ஒண்ணை எடுங்க. நான் எடுக்க மாட்டேன், நீங்களே எடுங்க. இப்பவே போன் போடுறேன்."

இது கூட்ட முறையா என்று ஒரு முகம் இங்கிலீஷில் கேட்டது. ராம்கி பட்டியலை மேலும் கீழும் உருட்டினார். ஒன்றில் நிறுத்தினார். "படம் ஏறமாட்டேன் என்கிறது. கேட்டவர், அரசப்பன், பட்டுக்கோட்டை."

எத்தனையோ பேர் இருக்க, நேற்றுத்தான் கோபித்துக்கொண்டு வைத்த மனுஷனா! இப்போது பின்வாங்கினால் எல்லாம் முடிந்தது. கர்த்தரே என்று போனைப் போட்டாள். ஸ்பீக்கரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்க டீச்சர்." குரலில் பிகு. பின்னால் தேங்காய் எண்ணுகிற சத்தம்.

"அண்ணே, பெங்களூர்லேர்ந்து ஒருத்தர் உங்ககிட்டப் பேசணுங்கிறார்" என்றாள். அவள் ஏதோ சொல்லிக்கொடுத்துப் பேசவைத்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது.

ராம்கி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வணக்கம் சார், என் பேர் ராம்கி. உங்க வெப்சைட்ல அந்தப் படம் ஏறாத பிரச்சினை..."

"அட, உங்களுக்கும் ஏறலியா!" அரசப்பனின் பிகுவெல்லாம் எங்கே போனதோ. "ஏய், கொஞ்சம் எண்ணுறதை நிறுத்துங்கப்பா, இங்க ஒருத்தர் மாட்டிக்கிட்டிருக்கார். சொல்லுங்க தம்பி. போன்ல எடுத்த படத்தை அப்படியே ஏத்தறீங்களா? ஏறாது. பெருசா இருக்கும், சின்னதாக்கணும். டீச்சர் அதுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்காங்க, வாட்ஸப்ல அனுப்புறேன். படிச்சுக்கிட்டே செய்யுங்க, நான் லைன்லயே இருக்கேன். நம்ம அதிராம்பட்டினம் உபைதுல்லா பாய்க்கும் இப்படித்தான் சொல்லிக் குடுத்தேன். அவர் இப்ப மீன் வியாபாரிங்களுக்கெல்லாம் சொல்லித் தர்றார்."

திரையில் யாரோ, அவர் என்ன சொல்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டார்கள். ராம்கி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். "எனக்கு எங்கே சிக்கல் என்று கேட்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னார். பிறகு, "பூட்டுகிற தீர்மானத்தை நான் திரும்பப் பெறுகிறேன்" என்றார்.

எல்சிக்கு மேஜையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தவேண்டும்போல் இருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கவில்லை. பார்க்கட்டுமே, உலகமே பார்க்கட்டும்.

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம்? கேக்கிறதுக்கு வெக்கப்படாதீங்க. எங்க நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன். லாரி சாயங்காலந்தான் வருது, நமக்கு நேரம் கிடக்கு."

"இல்லைங்க" என்றார் ராம்கி. "நீங்க சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."