வெயில் காயும் லெமூரும் சேரப்பணஞ்சேரி வௌவாலும்

காலை எட்டரைக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினேன். சேரப்பணஞ்சேரி இருபது கிலோமீட்டர் இருக்கலாம்; படப்பையைத் தாண்டவே பத்தாகிவிட்டது. கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. மடகாஸ்கர் தீவில் வாழும், குரங்குக்கு உறவான வளையவால் லெமூரையும் பழந்தின்னி வௌவாலையும் ஒப்பிட்டுச் சிறுவர் இதழுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். லெமூரை ஏற்கெனவே ஒரு மிருகக்காட்சிசாலையில் படம் பிடித்துவிட்டேன். வௌவால் இந்தப் பக்கம் நிறைய என்று யாரோ சொல்ல, புத்தி கெட்டுக் கிளம்பியிருந்தேன்.

பத்தேகாலுக்குச் சேரப்பணஞ்சேரியில் இறங்கினேன். பஸ் ஸ்டாப் டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஆறிப்போன டீ. கடைக்கார அம்மாவிடம், "இங்க வௌவால் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"அதோ, பச்ச கேட்டு வூடு, மாடில. ராத்திரி பூரா சுத்திட்டு இப்பத்தான் வந்து உழுந்து கெடக்குதுங்க. நல்லா தட்டு, அப்பத்தான் எந்திரிக்கும்."

கதவைத் தட்டினால் எழுந்திருக்கும் வௌவாலா என்று ஒரு கணமாவது யோசித்திருக்க வேண்டாமா? மாடியேறி, தகரக் கதவைப் படபடவென்று தட்டினேன்.

லுங்கியோடு ஓர் இளைஞர் வந்து நின்றார். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. பின்னால், ஜன்னலைப் போர்வையால் மூடிய இருட்டறையில் இன்னும் சிலர் படுத்திருந்தார்கள். வௌவால் பார்க்க வந்தேன் என்றேன்.

"நாங்கதான் சார் வௌவாலு."

கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு அந்த டீக்கடை அம்மா வைத்த பெயராம். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அது அந்த அம்மா மேலா, என் மேலா என்றுதான் தெரியவில்லை.

"நேத்து லைன்ல கண்ணசந்துட்டேன் சார். இன்னொரு தபா அசந்தா வூட்டுக்குப் போயிடுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். இப்பத்தான் தூக்கம் புடிச்சுது. நீ வந்து தட்ற."

மன்னிப்புக் கேட்டதோடு விட்டேனா? வந்த காரணத்தை விளக்குகிறேன் பேர்வழி என்று செல்போனில் லெமூரைக் காட்டினேன். இதற்கும் பழந்தின்னி வௌவாலுக்கும் ஒரே நரி மூஞ்சி, இரண்டும் பழம் தின்னும், இரண்டிலும் குட்டி தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டே போகும் என்று பாடம் வேறு நடத்தினேன். தூக்கம் கெட்ட மனிதரிடம்!

அவர் படத்தையே பார்த்தார். அதில் லெமூர் சப்பணமிட்ட மாதிரி உட்கார்ந்து, இரு கைகளையும் விரித்து, வயிற்றில் வெயில் வாங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா சார் பண்ணுது?"

"வெயில் காயுது. குளிர்ற காலையில எழுந்ததும் இதுக்கு முதல் வேலை இதுதான். வௌவால் அந்நேரம் தூங்கப் போயிடும்."

"நான் வெயில்ல உக்காந்து எத்தினி மாசமாச்சு" என்றவர், கதவைப் பிடித்தபடி, வாசலில் விழுந்திருந்த வெயிலுக்குள் வந்து கொஞ்ச நேரம் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நின்னா தூக்கம் போயிடும் சார்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கினேன். படி சுட்டது.