ஆறாம் நம்பர் செருப்பு

நம்முடைய காலைநடை வாட்ஸப் குழுவில் தினமும் ஆறேகாலுக்கு ஓர் எண் வந்து விழும். பூப்படமும் காலை வணக்கமும் போடுகிறவர்களுக்கு நடுவே முத்திருளாண்டி அண்ணன் எண் மட்டும் போடுவார். ‘பத்து.’ சில நாள் ‘ஒன்பதரை.’ அந்தச் செவ்வாய்க்கிழமை எண் வரவில்லை. சும்மா இருக்க மாட்டாமல் நான், “என்னண்ணே, கரை பூராம் கரைஞ்சு போச்சா?” என்று எழுதி, மூன்று சிரிப்புப் பொம்மைகளையும் ஒட்டிவைத்தேன். ஏழு மணிக்கு அவருடைய போனிலிருந்து அவர் மகள் எழுதினார்: அப்பா விடியக்காலையில் மாரடைப்பில் தவறிவிட்டார். என் பொம்மைகள் மூன்றும் அதற்கு நேர் மேலே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. அழிப்பதற்குள் நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள்.

அந்த எண் எதற்கென்று குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கண்மாய்க்கரையில் நடைபாதை போட்டபோது, கடல் இல்லாத மதுரையில் நமக்கென்று ஒரு கடற்கரை கிடைத்துவிட்டதாகத்தான் துள்ளினோம். சதுரக்கல், கைப்பிடிக் கம்பி, விளக்கு, சிமெண்டு பெஞ்சு. திறப்பு விழாவுக்கு அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. கம்பி தண்ணீரை எட்டிப் பார்க்கிற மாதிரி சாய்ந்தது. இந்த ஐப்பசியில் நிறைந்த கண்மாய், காற்றுக்கு அலையடித்து அலையடித்துக் கரையைத் தின்ன ஆரம்பித்தது. பெஞ்சிலிருந்து அந்த அறுந்த விளிம்பு வரைக்கும் எவ்வளவு மிச்சம் என்பதுதான் அண்ணன் போடும் எண். ஒரு காலின் நுனியில் மறுகாலின் குதியை ஒட்டி வைத்து, வைத்து, எண்ணிக்கொண்டே போவார். கரைக்கு இந்தப் பக்கம் பள்ளத்தில் நம் வீடுகள். முதல் தெருவில் மூன்றாவது வீடு என்னுடையது. கண்மாய்க் காற்று வரும் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டு வாங்கிய மனை.

காலால் அளப்பது அவருக்குத் தொழிலில் வந்த பழக்கம். மேலூர்ப் பக்கம் கல் குவாரிகளில் லாரி ஓட்டியவர். பள்ளத்தோரம் வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு முன் கீழே இறங்கி, விளிம்பு வரை காலால் அளந்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவாராம். “கண்ணாடியில பாத்தா பள்ளம் தள்ளித்தான் தெரியும் மாப்ள. எறங்கிப் பாக்கணும்” என்பார்.

கரையைச் சரிசெய்யச் சொல்லி மனுக் கொடுக்க ஒருமுறை என்னையும் கூட்டிப் போனார். அதிகாரி மனுவைப் புரட்டினார்.

“எத்தனை மீட்டர் அரிச்சிருக்குன்னு எழுதலையே?”

“என் காலுக்கு ஒம்பதரை மிச்சம் இருக்கு சார். போன மாசம் பதினொண்ணு இருந்துச்சு.”

“உங்க காலை நான் பைல்ல வைக்க முடியாதுங்க.”

சிரித்தார். நான் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தேன். வெளியே வந்ததும் அண்ணன் கோபப்படவில்லை. “நல்லா சிரி மாப்ள. மொதத் தெரு ஒன்னோடது. நான் நாலாந்தெரு.”

அவர் போனபின், எண் வராத காலைகள் எல்லோரையும் என்னவோ செய்தன. ஐந்தாம் நாள் நானே போய் அளந்தேன். அவர் கடைசியாகப் போட்டிருந்தது ஒன்பது. எனக்கு எட்டுகூட முழுசாக வரவில்லை. ‘ஏழே முக்கால்’ என்று குழுவில் போட்டேன். தெருவே கலங்கிப்போனது. ஒருவர் வீட்டுப் பத்திரங்களைப் பையில் திணித்துக்கொண்டு சமயநல்லூரில் மாமியார் வீட்டுக்கே கிளம்பிவிட்டார். நான் பிரிட்ஜைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவிதான் கேட்டாள்: “அண்ணன் காலு எம்புட்டு, ஒங்க காலு எம்புட்டு?”

ஆறடி உயரத்துக்கு அவர் போட்டது ஆறாம் நம்பர் செருப்பு. எனக்கு, உயரத்தில் சேர வேண்டியது காலில் சேர்ந்து, பத்தாம் நம்பர். இதைச் சொன்னதும் குழுவில் சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. “அப்ப பழைய ஒம்பதேதான். பயமில்ல” என்று எல்லோரும் காபி குடிக்கப் போய்விட்டார்கள். எனக்குத்தான் காபி இறங்கவில்லை. ஒன்பதேதான் என்று யார் இறங்கிப் பார்த்தது?

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

“மதினி, அண்ணன் நடக்கப் போட்டுட்டு வருவாரே, அந்தச் செருப்பு இருக்கா?”

“வாசல்லதான் கெடக்கு தம்பி. தூக்கிப் போட மனசு வரல. ஒங்க காலுக்கு எப்புடிச் சேரும்?”

“போட இல்ல மதினி. அளக்க.”

மதினி வாசலில் குனிந்தார். இடது செருப்பை மட்டும் எடுத்து, முந்தானையால் புழுதியைத் துடைத்துக் கையில் கொடுத்தார். “இன்னொண்ணு இங்கயே கெடக்கட்டும்.”

பெஞ்சடியில் மண்டியிட்டு, செருப்பை வைத்து, நுனியில் கோடு கிழித்து, மறுபடி வைத்து நகர்ந்தேன். பார்த்தவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருப்பார்கள். எட்டரை வந்தது. தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே மூன்று முறை அளந்தேன். எட்டரையேதான்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இடது செருப்பும், இறங்கிப் பார்க்கிற பழக்கமும்தான். சிரிக்கச் சிரிக்க எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஆறேகாலுக்கு இப்போது நான் எண் மட்டும்தான் எழுதுகிறேன். இன்றைய எண் எட்டேகால். பிரிட்ஜை இன்னும் இறக்கவில்லை.