வெசாக் தாள் ஒட்டிய பின்விளக்கு

எங்கள் வாப்பாவின் காரைச் செய்த கம்பனி அந்த வகையையே நிறுத்திவிட்டது. மற்றவர்களுக்கு அது கவலை, வாப்பாவுக்குப் பெருமை. மாத்தளையில் யார் அகப்பட்டாலும் வரலாறு சொல்வார்: முதலில் வந்ததற்கு வட்ட விளக்கு, அடுத்ததற்குச் சதுரம், எங்களுடையது நீள விளக்கு வைத்த கடைசிப் பிறப்பு, குடும்பமே கால் நீட்டி உட்காரலாம், இனி இப்படி ஒன்று பிறக்காது.

வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, மாப்பிள்ளையாகப் போகவிருந்ததும் அதில்தான். கல்யாணத்துக்கு முதல் நாள், குர்ஆன் ஓதப் போய் வந்த தொப்பியைக்கூடக் கழற்றாமல், நான் அந்த இனிப் பிறக்காத பின்விளக்கைப் பந்தால் அடித்து உடைத்தேன்.

எனக்கு ஒன்பது வயது. அவ்வளவு வேகமாக என் மூளை அதற்கு முன்னும் வேலை செய்ததில்லை, பின்னும் இல்லை. சில்லுகளைத் தென்னை மரத்தடியில் புதைத்தேன். ஒட்டிக்கொள்ளட்டும் என்று, எனக்குத் தெரிந்த மூன்று சூராவையும் ஓதினேன்; புதைத்தபின் எது ஒட்டும் என்று யோசிக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டார் வெசாக் பண்டிகைக்குக் கட்டிய விளக்குக்கூட்டில் மிஞ்சிய சிவப்புத் தாளைக் கோதுமை மாப்பசையால் ஓட்டையில் ஒட்டினேன். பத்தடி தள்ளி நின்று, பசைக் கையால் தொப்பியோடு தலையைச் சொறிந்தபடி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் அசல் போலவே இருந்தது.

இரவு மழை பெய்தது. காலையில் பம்பர் வரை சிவப்பு வடிந்திருந்தது, காரை யாரோ அறுத்துக் குர்பான் கொடுத்துவிட்டது போல.

வாப்பா மாப்பிள்ளையின் மேல் பாய்ந்தார். முதல் நாள் காரை யட்டவத்தைக்குக் கொண்டுபோனவர் சாச்சாதான்.

"ஒடச்சதும் இல்லாம கடதாசி வேற ஒட்டி ஏமாத்துறியா? இதுக்கு இனி லைட் எங்கடா தேடுறது?"

சாச்சா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். நான் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டேன்.

"ரிவேர்ஸ் எடுக்கக்குள்ள பட்டிருக்கும் நானா," என்றார் அண்ணனிடம்.

"அப்ப வேன் புடிச்சுப் போ. என்ட காரைத் தொடாத!"

அன்றிலிருந்து வாப்பாவின் வரலாற்றில் தம்பி விளக்குடைத்த கதையும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்.

அன்று வாழைக்குலை ஏற்றும் வேனில்தான் மாப்பிள்ளை போனார். என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார். வழியில் என் தொப்பியில் சிவப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்த எதையோ நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்து, புதுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெண் வீட்டில் நான் வடிவாக இருக்கவேண்டும் என்று துப்புரவு செய்கிறார் போலும் என நினைத்து, தலையைத் திருப்பி மற்றப் பக்கத்தையும் காட்டினேன்.