மனுவேற்பிள்ளை சொன்ன கோவில்

மனுவேற்பிள்ளை பயந்த மனிதர். அதை மறைக்கிற ஆளும் இல்லை. சிட்னியின் மெரிலேண்ட்ஸில் மூன்று பேரோடு பகிர்ந்திருந்த வீட்டு வாசலில் தபால்காரரின் சத்தம் கேட்டாலே அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். அகதி விண்ணப்பம் ஒருமுறை தள்ளுபடியாகிவிட்டது. 1997 ஆவணியில் மேல்முறையீட்டு விசாரணை. அதுவும் பிழையாய்ப் போனால் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே அவரை ஐந்து மாதம் அடைத்து வைத்து அடித்தவர்கள் இன்னும் அதே கதிரைகளில்தான் இருந்தார்கள். மனைவி பிலோமினாவும் மகளும் யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில், இவருடைய விசாவையே நம்பிக்கொண்டு.

விசாரணை அறையில் ஹீட்டர் ஓடியும் அவர் கோட்டைக் கழற்றவில்லை. எதிரே கண்ணாடி போட்ட அதிகாரி அம்மையார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ரைஹானா, தமிழ்நாட்டுப் பெண்.

"உங்க ஊர்ல குண்டு விழுந்த அன்னிக்கு எங்க இருந்தீங்க?" என்று ரைஹானா அதிகாரியின் கேள்வியைச் சொன்னாள்.

"கோவிலுக்குள்ளதான். ஊர்ச்சனம் முழுக்க அங்கதான் கிடந்தது."

அவள் ஆங்கிலத்தில் சொன்னதில் 'ஹிந்து டெம்பிள்' மட்டும் அவருக்கு விளங்கியது. அதிகாரி காகிதங்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"நீங்க கத்தோலிக்கர், சர்ச்சுல ஒளிஞ்சிருந்தேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப இந்துக் கோயில்னு சொல்றீங்க. எது பொய்னு கேக்குறாங்க."

மனுவேற்பிள்ளை கதிரையின் நுனிக்கு வந்தார். திகதிகள், முகாமின் பெயர், அடித்தவனின் முகம் எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணி வந்திருந்தார். வாய் திறந்த நாளிலிருந்து சொல்லிவந்த ஒரு சொல் காலை வாரும் என்று யார் நினைத்தது?

"தங்கச்சி, இந்துக் கோவில் எண்டு நான் சொல்லவே இல்லையே! கோவில் எண்டா எங்கட அந்தோனியார் கோவில்!"

ரைஹானாவின் முகம் வெளுத்தது. பிழை தன்னுடையது என்று சொன்னால் வேலைக்கே உலை. பாவம், ஒரு கணம் தண்ணீர்க் குவளையைப் பார்த்தாள். பிறகு சொல்லியேவிட்டாள். அதிகாரி விடுவதாயில்லை: கத்தோலிக்கர் எதற்கு அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும்?

மனுவேற்பிள்ளை உளறிக்கொட்டிச் சொல்லத் தொடங்கினார். கப்பலில் வந்த போர்த்துக்கேயர் கத்தோலிக்க வேதத்தைக் கொடுத்தார்கள். மனுவேல் என்ற பெயரே அவர்களின் ராசா ஒருவருடையதுதான். கும்பிடுகிற இடத்துக்கு ஊரில் ஏற்கெனவே இருந்த சொல் கோவில்தான். அப்போது ஐரோப்பாவில் ஒரே வேதக்காரர்கள் பாப்பரசர் வேண்டும், வேண்டாம் என்று வெட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தச் சண்டையையும் கப்பலேற்றிக்கொண்டு ஒல்லாந்தர் பின்னால் வந்தார்கள். பாப்பரசர் வேண்டாத கட்சி. கோவில்களைப் பறித்துத் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள், பாதிரிமாரைத் துரத்தினார்கள். சண்டை யாருடையதோ, அடி மட்டும் எங்கள் கரையில்.

"அப்ப உங்க ஆளுங்க என்ன செஞ்சாங்கன்னு கேக்குறாங்க."

"சிலையளை ஒளிச்சு வச்சுக் கும்பிட்டவை அம்மா. ஆரும் கேட்டா இல்லை எண்டவை." சட்டைப் பொத்தானைத் திருகினார். "பயந்தவை. என்னை மாதிரித்தான்."

அதிகாரி நெடுநேரம் எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஏழு கிழமை மனுவேற்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. கடிதம் வந்தபோது உடைக்கப் பயந்து அடுத்த அறைக்காரரிடம் கொடுத்தார். ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நிலத்தில் குந்தியிருந்து அழுதார்.

பிலோமினாவும் மகளும் வந்து சேர இன்னும் ஒன்றரை வருடம் பிடித்தது. சிட்னி விமான நிலையத்தில் சுங்கக்காரர், காவலர், பெட்டி தள்ளுகிறவர்கள் என்று ஒரே கூட்டம். பிலோமினா அவருடைய தோளில் சாய்ந்து விம்மினாள்.

"வீட்டை பிறகு போவம். முதல்ல கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தோணும்."

மனுவேற்பிள்ளை சீருடைக்காரர்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று அவளுடைய வாயைப் பொத்தினார்.