புத்தம் புதிய குப்பை

ஜொகூர் பாரு ஆற்றோரம். கட்டடக்கலை மாணவி ஒருத்தி புதிய தண்ணீர்ப் போத்தல்களைத் திறந்து, தண்ணீரை ஆற்றில் கொட்டிக்கொண்டிருக்கிறாள். பின்னால் போத்தல்களால் பாதி எழும்பிய சுவர். அதன்மேல் பதாகை: 'குப்பையிலிருந்து ஒரு கரை'.

"என்னம்மா அநியாயம் இது?" என்கிறேன்.

"ஆத்துல அள்ளுன போத்தலத்தாண்ணே கழுவி வச்சிருந்தோம். கலர் ஒரே மாதிரி இல்ல, போட்டோல அசிங்கமா இருக்கும்னு லெக்சரர் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொல்லிட்டாரு. எனக்கும் வயித்தெரிச்சல்தான் லா. மார்க் அவரு கையில."

கழுவிய போத்தல்கள் கறுப்புப் பைகளில் குப்பை லாரிக்குக் காத்திருக்கின்றன.

எனக்கும் ஒன்றை நீட்டுகிறாள். "குடிங்கண்ணே. காலியானாத்தான் சுவத்துல வைக்க முடியும்."

குடிக்கிறேன். பிறகு போத்தலை ஆத்திரம் தீர நசுக்கி, சுவரின் நட்டநடுவில் செருகுகிறேன். அந்தச் சுவரில் இப்போது ஒன்றாவது குப்பை மாதிரி இருக்கிறது.